ஏழு டிகிரி

ஓசூர்,
ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

தேர்வு அறிவிப்பு வந்துவிட்டது. காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் நேற்று மாலை போட்டிருக்கிறார்கள். முதலில் ஜைபா பார்த்துச் சொன்னாள். பிறகு நானும் திறந்து தேதியை இரண்டு முறை படித்தேன். ஜனவரி நான்கு, ஞாயிற்றுக்கிழமை.

இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீ எப்படி இருக்கிறாய்? அம்மா கேட்கச் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்: "சோறு துன்றானா, இல்ல ரொட்டியையே துன்னுகினு கெடக்கிறானா, கேளு."

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். தேர்வில் இரண்டு தாள்கள், அவற்றில் தேறினால் ஒரு வாய்மொழித் தேர்வு. முதல் தாள் சட்டம். இரண்டாவது தாளில் ஒரு பொருளைக் கொடுத்து, அதற்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுதச் சொல்வார்கள். மூன்று மணி நேரம், கையால். கல்லூரியை விட்ட பிறகு நான் கையால் எழுதியதெல்லாம் கையெழுத்து மட்டும்தான். போன வாரம் மாதிரித் தாள் எழுதிப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் விரல்கள் மடங்கிக்கொண்டன. "தினம் எதையாவது எழுதுடி. ஆள் கிடைக்கலன்னா உங்க அண்ணனுக்கு எழுது, அவரு எங்கயும் ஓட முடியாது" என்றாள் ஜைபா. அவள் பக்கத்து மேசை. அவளும் இந்தத் தேர்வை எழுதுகிறாள். ஆகவே நீ அகப்பட்டாய்.

அப்பா பாரூரிலிருந்து நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் வீட்டில் ஒரு விதி இருந்ததே, நினைவிருக்கிறதா? எது உறுதியோ அது முதல் வரியில், யார் சொன்னது என்பதோடு. எது பாக்கியோ அது கடைசி வரியில், எப்போது வரும் என்பதோடு. அப்படியே எழுதுவோம்.

தேறினால் காப்புரிமை முகவராகப் பதிவு செய்துகொள்ளலாம். விண்ணப்பங்களை என் பெயரிலேயே தாக்கல் செய்யலாம். ஐந்து வருடமாக டிசைன் பிரிவில் ஆவண மேசையில் உட்கார்ந்து, பிரிவுத் தலைவர் பாஸ்கரன் சார் சொல்வதைத் தட்டச்சு செய்கிறேன். அவருக்குத் தெரியாமல் ஒரு நாள் விடுப்புகூட எடுக்க முடியாது. இதிலிருந்து வெளியே போக எனக்குத் தெரிந்த கதவு இது ஒன்றுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். பாக்கி: விடுப்புக்கு அவர் கையெழுத்து. இந்த மாதக் கடைசியில் கேட்பேன்.

உன் தங்கை,
லாவண்யா

*

பந்த்நகர்,
ஆகஸ்ட் 24

அன்புள்ள லாவண்யாவுக்கு,

உன் கடிதம் 19ஆம் தேதி வந்தது. ஹாஸ்டல் காவலாளி கொடுத்தார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோர்ட் நோட்டீஸா?" என்று இந்தியில் கேட்டார். தங்கச்சி என்றேன். அவர் நம்பவில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவிடம் சொல்: வாரத்தில் இரண்டு நாள் சோறு. அது குழைந்துதான் இருக்கும், இருந்தாலும் சோறு. தமிழ் பேச நாமக்கல்காரர் ஒருவர் இருக்கிறார். அவரும் அதிகம் பேசமாட்டார்.

இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. நம் கம்பெனியின் புது யூனிட்டில் டூல்ரூமை நிமிர்த்திவிட்டு ஒரு வருடத்தில் ஓசூருக்குத் திரும்பலாம் என்று பாஸ்கரன் சார் வாயால் சொன்னதுதான். காகிதத்தில் எதுவும் இல்லை. மார்ச் மாதம் அவர் கையெழுத்துப் போட்டால் வருவேன்.

நீ படிப்பது எனக்குப் புரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். மூன்றாம் லைனில் நான் செய்த ஃபிக்சர் இருக்கிறதே, கதவுக் கீலுக்குத் துளை போடும்போது பாகத்தைப் பிடித்துக்கொள்ளும் அது, அந்த மாதிரிப் பொருளுக்கெல்லாம் காப்புரிமை உண்டா? அதற்குத்தான் கைசன் போட்டியில், வேலையை எளிதாக்கும் யோசனைக்கு முதல் பரிசு என்று ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். அம்மா இன்னும் அதில் இட்லி வைக்கிறாளா? சும்மா கேட்டேன். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹாட்பாக்ஸ் நம்முடையதுதான்.

நிறைய எழுது. கை வலித்தால் நிறுத்து. பாக்கி: உன் விடுப்பு என்ன ஆயிற்று என்பது.

அன்புடன்,
சென்றாயன்

*

ஓசூர்,
செப்டம்பர் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

விடுப்பு கிடைத்துவிட்டது. பாஸ்கரன் சார் வெள்ளிக்கிழமை கையெழுத்திட்டார். நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

"எக்ஸாம் எழுது, யார் வேணாம்னா? பாஸ் ஆனா ஓடிடுவ இல்ல?"

"இல்ல சார்."

"ஓடுவ. எல்லாரும் ஓடுறீங்க. போறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, அதை முடிச்சுக் குடுத்துட்டு ஓடு."

அந்த வேலை ஒரு காப்புரிமை விண்ணப்பம். முதல் முறையாக முழு வரைவையும் என்னிடம் விட்டிருக்கிறார்கள். எதைப் பற்றி என்று சொல்லக்கூடாது. அப்படிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தேர்வுக்கும் இது பயிற்சிதான் என்று ஜைபா சொல்கிறாள். அவளுக்கு எல்லாமே வேடிக்கை. "நீ பாஸானா பெங்களூரு ஆபீஸ். நான் பாஸானா வாப்பா மாப்ள பாத்துடுவாரு. அதனால நான் ரெண்டு மார்க்ல ஃபெயில் ஆகப்போறேன், கரெக்டா ரெண்டு" என்கிறாள்.

உன் கேள்விக்குப் பதில்: ஃபிக்சருக்கும் காப்புரிமை உண்டு. புதியதாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும், அந்தத் தொழில் தெரிந்தவனுக்குச் சட்டென்று தோன்றக்கூடியதாக இருக்கக்கூடாது.

எனக்குப் பயிற்சிக்கு ஒரு பொருள் தேவைப்படுகிறது. உன் ஃபிக்சரையே எடுத்துக்கொள்கிறேன். பாகம் உட்கார்ந்ததும் பிடி எப்படி மூடுகிறது? பாகத்தைக் கவ்வும் தாடையின் சாய்வு ஏன் அந்த அளவில் இருக்கிறது? வேறு என்னென்ன அளவில் செய்து பார்த்தாய், எது ஏன் சரிவரவில்லை? எவ்வளவு விவரமாக எழுத முடியுமோ அவ்வளவு எழுது. படமும் போடு.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஹாட்பாக்ஸில் இட்லிதான் வைக்கிறாள். குளிர் தொடங்கும் முன் கம்பளி வாங்கிக்கொள். பாக்கி: உன் பதில். இம்மாத இறுதிக்குள் வந்தால் நல்லது.

லாவண்யா

*

பந்த்நகர்,
செப்டம்பர் 29

அன்புள்ள லாவண்யாவுக்கு,

நீ கேட்ட சாய்வு ஏழு டிகிரி. நேற்று நானே அளந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஆனால் ஓசூரில் மூன்றாம் லைனில் இருப்பது ஒன்பது. இரண்டும் வேறு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. பாரூரில் நெல் மூட்டைக்கு நடுவில் நாம் வைத்த எலிப்பொறி நினைவிருக்கிறதா? உள்ளே ஒரு பலகை. எலி அதன்மேல் நடந்து போனால் பலகை சாயும், பின்னால் கதவு விழும். வில் கிடையாது. எலியின் எடைதான் எலியைப் பூட்டியது. என் ஃபிக்சரும் அதுதான். கீலை உள்ளே வைத்தால் அதன் எடையில் நெம்புகோல் இறங்கும், இரண்டு தாடைகளும் வந்து பிடிக்கும். காற்றுக்குழாய் வேண்டாம், பொத்தான் வேண்டாம். தூக்கினால் விட்டுவிட வேண்டும். எலிப்பொறிக்கு அந்த வேலை இல்லை, நமக்கு உண்டு. அங்கேதான் சாய்வு வருகிறது.

ஓசூரில் ஒன்பது வைத்தேன். நன்றாகப் பிடித்தது. ஆனால் எண்ணெய் அதிகமாகப் படிந்த பாகம் துளை போடும்போது ஒரு மயிரளவு நழுவும். அங்கே எண்ணெய் மெல்லியது, யாரும் கண்டுகொள்ளவில்லை. இங்கே எண்ணெய் கெட்டி, கை வைத்தாலே தெரிகிறது. ஐந்துக்கு இறக்கினேன். பிடித்தால் விடவில்லை, சுத்தியல் போட்டுத் தட்ட வேண்டியிருந்தது. ஆறிலும் சிலது சிக்கியது. ஏழில் பிடிக்கிறது, தூக்கினால் விடுகிறது. நானூறு பாகம் போட்டுப் பார்த்தேன், ஒன்றுகூட நழுவவில்லை, ஒன்றுகூடச் சிக்கவில்லை.

ஏழு இங்கே என் மேசை டிராயரில் இருக்கிறது. இன்னும் லைனில் ஏற்றவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. மார்ச்சில் ஓசூர் வந்து, மூன்றாம் லைனில் நானே மாற்றிவிட்டு, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டலாம் என்று ஆசை. உனக்கு முதலில் சொல்லியாயிற்று. பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன். கோடு கோணலாக இருந்தால் மன்னிக்கவும், ஸ்கேல் நாமக்கல்காரருடையது.

இவ்வளவு நீளமாக நான் எழுதியதே இல்லை. எனக்கும் விரல் வலிக்கிறது, உன் தேர்வு எனக்கும் தொற்றிக்கொண்டது. அம்மாவைக் கேட்டதாகச் சொல். பாக்கி: நீ எழுதும் பயிற்சி விண்ணப்பம். முடிந்ததும் ஒரு நகல் அனுப்பு, படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
சென்றாயன்

*

ஓசூர்,
நவம்பர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

இப்போது ஒரே மூச்சில் பதினொரு பக்கம் எழுத முடிகிறது. ஜைபா கடிகாரம் பார்த்துக் கணக்கெடுத்தாள்.

உன் பதில் அக்டோபர் ஆறாம் தேதியே வந்துவிட்டது. பயிற்சிக்கு உதவியது. உடனே எழுத முடியவில்லை.

அலுவலகத்தில் நான் எழுதிய விண்ணப்பம் போய்விட்டது. சீக்கிரமே காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியிடச் சொல்லித் தனிப் படிவமும் போட்டிருக்கிறார்கள். பாஸ்கரன் சார் எல்லாருக்கும் முன்னால் "நல்லா எழுதியிருக்கம்மா" என்றார். ஐந்து வருடத்தில் முதல் தடவை. நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஒரு விவரம் கேட்க வேண்டும். உன் ஃபிக்சரை விளக்கிய கைசன் தாளை எங்கே ஒட்டினார்கள்? எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை? வெளியாட்கள் யாராவது அங்கே வருவார்களா?

படித்ததில் ஒன்று மண்டைக்குள்ளேயே நிற்கிறது. ஒரு பொருளை, விண்ணப்பம் போடுவதற்கு முன் வெளியார் கண்ணில் படும்படி வைத்துவிட்டால், பிறகு அது புதியது அல்ல. வைத்தது கண்டுபிடித்தவனே ஆனாலும் அப்படித்தான்.

காலையில் கம்பெனி பஸ் வரும்போது பனியில் எதிர் வண்டியே தெரியவில்லை. அம்மா சுகம். நானும் சுகம்தான். பாக்கி: மேலே கேட்ட மூன்று கேள்விகள். அவசரம் இல்லை.

லாவண்யா

*

பந்த்நகர்,
நவம்பர் 22

அன்புள்ள லாவண்யாவுக்கு,

கைசன் தாள் கேன்டீன் வாசலில் இருந்தது. பிப்ரவரி 10 முதல் ஜூன் வரை. ஒட்டிய தேதி எனக்குத் தெரியும், அன்றைக்கே பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். ஜூன் என்பது டூல்ரூம் தங்கமணி போனில் சொன்னது.

வெளியாட்களா? கேன்டீன் வாசலில் வராத ஆள் யார்? லாரி டிரைவர்கள், எண்ணெய் சப்ளை செய்கிறவர், ஒரு நாள் பாலிடெக்னிக் பசங்க ஐம்பது பேர். அவர்களுக்கு நானே நின்று விளக்கினேன். பையன் ஒருவன், "அண்ணா, இது எலிப்பொறி மாதிரி இருக்குண்ணா" என்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எதற்குக் கேட்கிறாய்? நீ ஆறு வாரம் எழுதாமல் இருந்து, பிறகு மூன்று கேள்வி மட்டும் கேட்டிருக்கிறாய். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அம்மாவிடம் போனில் கேட்டால், "அவ புக்கையே பாத்துகினு கீறா, பேச்சே இல்ல" என்கிறாள்.

பயிற்சி விண்ணப்பத்தின் நகலையும் அனுப்பவில்லை. தேர்வு முடிந்ததும் அனுப்பு. இங்கே குளிர் வந்துவிட்டது. எண்ணெய் இன்னும் கெட்டி. டிராயரில் இருக்கும் ஏழு அசையாமல் வேலை செய்கிறது. பாக்கி: என் திரும்பும் உத்தரவு. பாஸ்கரன் சாரிடம் போனில் கேட்டேன், "பார்க்கலாம்" என்றார்.

அன்புடன்,
சென்றாயன்

*

பந்த்நகர்,
டிசம்பர் 19

அன்புள்ள லாவண்யாவுக்கு,

என் ஃபிக்சருக்குக் கம்பெனி காப்புரிமை விண்ணப்பம் போட்டிருக்கிறது. அது இதழில் வெளியாகிவிட்டது. ஆதாரம்: கம்பெனியின் டிசம்பர் மாதச் செய்திமடல், நான்காம் பக்கம், இங்கே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. கண்டுபிடித்தவர்: பாஸ்கரன். அவர் படம் போட்டு, சால்வை போட்டு.

முதலில் எனக்குக் கோபம் வரவில்லை. ஃபிக்சர் கம்பெனி இரும்பில் செய்தது, கம்பெனி நேரத்தில் செய்தது. சொத்து அவர்களுடையது, அது எனக்குத் தெரியும். பெயர்தான் இல்லை, பழகிப்போனதுதானே என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன்.

சாப்பிட்டுவிட்டு வரும்போது மறுபடி பார்த்தேன். கீழே சின்னதாக ஒரு கோட்டுப்படம். தாடைக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டு ஏழு என்று எழுதியிருக்கிறது.

ஓசூரில் இருப்பது ஒன்பது. மூன்றாம் லைனில் போய் அளந்தாலும் ஒன்பதுதான் வரும். ஏழு என் டிராயரில் இருக்கிறது. அப்புறம் உனக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. வேறு எங்கேயும் இல்லை.

உனக்குத் தேர்வு ஜனவரி நான்கு. இந்தக் கடிதத்தை ஐந்தாம் தேதிதான் தபாலில் போடுவேன். அதுவரை போனில் வழக்கம்போலப் பேசுவேன். நன்றாக எழுது.

சென்றாயன்

*

ஓசூர்,
ஜனவரி 16

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் டிசம்பர் 19 கடிதம் ஜனவரி 12 வந்தது. உறையில் தபால் முத்திரை ஜனவரி 5. சொன்னபடி வைத்திருந்து அனுப்பியிருக்கிறாய். ஜனவரி மூன்றாம் தேதி போனில், "பேனா ரெண்டு எடுத்துக்கோ, தண்ணி பாட்டில் எடுத்துக்கோ" என்றாயே, அப்போது உன் பையில் இந்தக் கடிதம் இருந்திருக்கிறது. அதை நினைத்து நான்கு நாள் எதுவும் எழுத முடியவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். செப்டம்பரில் பாஸ்கரன் சார் ஒரு தாள் கொடுத்தார். உன் ஃபிக்சரின் போட்டோ, நான்கு வரி, கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் அவர் பெயர். நான்கு வரியை வைத்து விண்ணப்பம் எழுத முடியாது. பிடி ஏன் நழுவுகிறது, சாய்வு ஏன் இவ்வளவு என்று அவரிடம் கேட்டேன். "அதெல்லாம் ட்ரையல்ல வந்தது, நீயே ஃபில் பண்ணும்மா" என்றார். கைசன் தாளில் வேறு பெயர் இருக்கிறதே என்றும் கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கைசன்ல பேர் இருந்தா இன்வென்டரா? உங்க அண்ணன் கை செஞ்சது, டிபார்ட்மென்ட் மூளை. மார்ச்ல அவன் ஃபைல் என் டேபிளுக்குத்தான் வரும், ஞாபகம் இருக்கட்டும்."

அன்று மாலைதான் பயிற்சி என்று பொய் சொல்லி உனக்கு எழுதினேன். நீ எழுதிய ஏழு டிகிரியை நான்காவது கிளெய்மாக, அதாவது தனியாக உரிமை கோரும் நான்காவது கூறாக, வைத்தேன். அவர் பெயரையும் நானே தட்டச்சு செய்தேன். நீ திரும்பி வர வேண்டும், நான் வெளியே போக வேண்டும், அதற்குள் ஒரு கட்டம்தானே என்று நினைத்தேன்.

முதல் தாளில் ஒரு கேள்வி வந்தது: கண்டுபிடித்தவராகத் தன் பெயரைக் குறிப்பிடச் சொல்லி ஒருவர் எதற்கு முன் கோர வேண்டும்? விடை: காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன். சரியாக எழுதினேன். முழு மதிப்பெண் கிடைக்கும்.

நவம்பரில் நான் கேட்ட மூன்று கேள்விக்குக் காரணம் இது. நீதான் செய்தாய் என்பதற்குக் கைசன் தாளைக் காட்டலாம் என்று முதலில் நினைத்தேன். காட்டினால், பிப்ரவரியிலேயே கேன்டீன் வாசலில் எல்லாரும் பார்த்தார்கள் என்பதும் சேர்ந்து வரும். அப்போது ஒன்பது டிகிரி ஃபிக்சருக்கு உரிமை யாருக்கும் இல்லாமல் போகும். நீ செய்ததற்கு உன்னிடம் இருக்கும் சாட்சியே அதைக் கொன்றுவிடும். இந்த முடிச்சிலேயே இரண்டு மாதம் கிடந்தேன்.

உன் டிசம்பர் கடிதத்தைப் படித்த பிறகுதான் மற்றது தெரிந்தது. ஏழு எந்தப் பலகையிலும் ஒட்டப்படவில்லை. அண்ணன் தங்கைக்கு எழுதும் கடிதம் வெளியீடு ஆகாது. நான்காவது கிளெய்ம் நிற்கும். அது யாருடையது என்பதற்கு ஒரே சாட்சி உன் செப்டம்பர் 29 கடிதம். கம்பெனி விண்ணப்பம் போட்டது அக்டோபர் 21.

அந்தக் கடிதத்தை, படத்தோடும் தபால் முத்திரை உள்ள உறையோடும், இத்துடன் வைத்திருக்கிறேன். எட்டாம் எண் படிவமும் இருக்கிறது. பெயரைக் குறிப்பிடச் சொல்லிக் கோருவது. நிரப்பிவிட்டேன். கையெழுத்து மட்டும் உன்னுடையது. போட்டால் உன் உத்தரவு என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போடாவிட்டாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. பொங்கலுக்கு உன் பங்கு கரும்பை எடுத்து வைத்திருந்தாள், காய்ந்துவிட்டது. பாக்கி: தேர்வு முடிவு. மார்ச் என்கிறார்கள்.

லாவண்யா

*

ஓசூர்,
பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜனவரி 17 அன்று நான் அனுப்பிய பதிவுத் தபாலை நீ 23ஆம் தேதி வாங்கிவிட்டாய். ஒப்புகை அட்டை என்னிடம் திரும்பி வந்தது, உன் கையெழுத்து இருக்கிறது. வேறு செய்தி இல்லை.

போனில் நீ அம்மாவோடு மட்டும் பேசுகிறாய். அவள் போனை என்னிடம் நீட்டும்போது துண்டித்துவிடுகிறாய். "சிக்னல் இல்லியாம் அங்க" என்கிறாள் அம்மா. நானும் ஆமாம் என்கிறேன்.

அலுவலகத்தில் விண்ணப்பத்தைச் சீக்கிரம் ஆய்வுக்கு எடுக்கச் சொல்லிக் கேட்கப்போகிறார்களாம். காப்புரிமை வழங்கிவிட்டால் படிவத்துக்கு மதிப்பில்லை. இதை அவசரப்படுத்த எழுதவில்லை, தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

குளிர் குறைந்ததா? பாக்கி: உன்னிடமிருந்து ஒரு வரி.

லாவண்யா

*

பந்த்நகர்,
ஏப்ரல் 2

அன்புள்ள லாவண்யாவுக்கு,

என் திரும்பும் உத்தரவு வராது. மார்ச் 31 மாலை மின்னஞ்சல் வந்தது: பணிக்காலம் மேலும் ஒரு வருடம் நீட்டிக்கப்படுகிறது. பரிந்துரை, பாஸ்கரன். நாமக்கல்காரருக்கும் இதே. அவர் எதற்கும் கையெழுத்துப் போடாதவர்.

ஆக, நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஓசூர் வரலாம் என்று நீயும் நானும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தது வீண். இரண்டு மாதம் அந்தப் படிவத்தை டிராயரில், ஏழு டிகிரித் தாடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். தினமும் டிராயரைத் திறப்பேன், அளவுகோலை எடுப்பேன், மூடிவிடுவேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். போனில் உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேனோ என்றுதான் வைத்துவிட்டேன். அம்மா பக்கத்தில் இருப்பாள். நீ கேட்டிருந்தால், "அண்ணா, அவர் பெயரில்தான் போகிறது, சாய்வைச் சொல்லு" என்று கேட்டிருந்தால், ஒருவேளை அப்போதும் சொல்லியிருப்பேன். செப்டம்பரில் நீ கேட்ட கேள்விகளைப் படித்தபோது, முதல் தடவையாக ஒருத்தி இதை ஏன் செய்தாய் என்று கேட்கிறாள் என்று நினைத்தேன். அதுதான் ஆறவில்லை.

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் வாக்குமூலத்தை இரண்டு பக்கம் தமிழில் எழுதியிருக்கிறேன், நீ ஆங்கிலத்தில் ஆக்கிக்கொள். செப்டம்பர் 29 கடிதத்தையும் திருப்பி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் வைத்திருக்கிறேன். உன் செப்டம்பர் 15 கடிதம். அதில் நீ கேட்டிருப்பது உன் கையெழுத்தில் இருக்கிறது. அதற்குப் பதிலாகத்தான் நான் ஏழைச் சொன்னேன் என்பதற்கு அது சாட்சி. அதைச் சேர்த்தால் என் பேச்சு உறுதியாகும், உனக்கு வேலை போகும். தேர்விலும் ஏதாவது சொல்வார்களோ, எனக்குத் தெரியாது. சேர்ப்பதும் விடுவதும் உன் இஷ்டம். எரித்துவிட்டாலும் நான் கேட்கமாட்டேன்.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. நன்றாகச் சாப்பிடு. பாக்கி: உன் தேர்வு முடிவு. இன்னும் வரவில்லை என்று அம்மா சொன்னாள்.

அண்ணன்,
சென்றாயன்

*

ஓசூர்,
மே 10

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு தாளிலும் தேறிவிட்டேன். முடிவு மே 4 அன்று இணையதளத்தில் வந்தது. முதல் தாள் எழுபத்தொன்று, இரண்டாம் தாள் அறுபத்தெட்டு. ஜைபா சொன்னபடி நடக்கவில்லை, அவளும் தேறிவிட்டாள். "பாழாப்போச்சுடி, இனி வாப்பாவை யார் தடுக்கிறது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இனி வாய்மொழித் தேர்வு மட்டும். சென்னை கிண்டியில், காப்புரிமை அலுவலகத்திலேயே. பாஸ்கரன் சாரிடம் விடுப்புக் கேட்டேன். இந்தத் தடவை நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்திட்டார். "வந்து ஸ்வீட் குடு" என்றார்.

உன் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் ஆக்கிவிட்டேன். நீ எழுதிய எலிப்பொறியை நீக்கவில்லை, அதுவும் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் உனக்கு அனுப்பிய தட்டச்சுப் படி உன் கையெழுத்தோடு நேற்று வந்து சேர்ந்தது. இணைப்புகளின் பட்டியலைத் தட்டச்சு செய்தேன். ஒன்று: செப்டம்பர் 15 தேதியிட்ட கடிதம், எழுதியவர் லாவண்யா. இரண்டு: செப்டம்பர் 29 தேதியிட்ட கடிதம், எழுதியவர் சென்றாயன், உறையுடன். முதல் இணைப்பு இல்லாமல் இரண்டாவது நிற்காது. கேள்வி இல்லாமல் பதிலை மட்டும் காட்டினால், அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வியே அதுதான்.

ரகசியம் காப்பேன் என்று நான் கையெழுத்திட்ட தாளை மறுபடி எடுத்துப் படித்தேன். நான் மீறியது தெளிவாக இருக்கிறது. எனக்கு நோட்டீஸ் வரும். வாய்மொழித் தேர்வுக்கு வருபவளின் நடத்தையைப் பற்றிக் காப்புரிமை அலுவலகம் கேட்குமா என்று ஜைபா யாரிடமோ விசாரித்தாள். கேட்கலாம், கேட்காமலும் விடலாம் என்றார்களாம். உறுதியான பதில் யாரிடமும் இல்லை.

அம்மாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்டாள். "அப்ப அவன் பேரு அதுல இல்லவே இல்லியா?" என்றாள். இல்லை என்றேன். ஹாட்பாக்ஸைக் கழுவி, துடைத்து, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். இட்லியை இன்று பாத்திரத்தில் வைத்தாள்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தொப்பி போடு. போனில் கத்த வேண்டும் என்றால் கத்து, நான் கேட்டுக்கொள்கிறேன்.

பாக்கி: மே 14, வியாழக்கிழமை. ஆவணங்கள் வாங்கும் கவுன்ட்டரும் அதே கட்டிடத்தில்தான். கவுன்ட்டர் காலை பத்து மணிக்குத் திறக்கும். எனக்கு வாய்மொழித் தேர்வு பதினொன்றரைக்கு.

உன் தங்கை,
லாவண்யா